தாயும் செவிலியும்: குழந்தையின் பாசப்பிணைப்பு பற்றிய கருத்தின் வரலாறும் ஜவ்வாது மலைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

பிறந்த குழந்தை தன்னைப் பேணுவோரிடம் கொள்ளும் பாசப்பிணைப்பு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தனிக் கோட்பாடாக வடிவம் பெற்றது. தொடக்கத்தில் இக்கோட்பாடு ஒரே தாயை மையமாகக் கொண்டிருந்தது. பின்னர் வந்த கள ஆய்வுகள், பேணுவோர் பலராக இருப்பினும் குழந்தை உறுதியான பிணைப்பைப் பெற இயலும் என்று காட்டின. தமிழ் இலக்கிய மரபு நற்றாய், செவிலி என இருவரையும் தாயர் என்றே வழங்கி வந்துள்ளது. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து, பெற்றோர் பருவகாலங்களில் வேலை தேடி வெளியேறும் ஜவ்வாது மலையில் குழந்தை வளர்ப்பை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பாசப்பிணைப்பு, செவிலி, பிள்ளைத்தமிழ், ஜவ்வாது மலை, மலையாளிப் பழங்குடியினர், இடப்பெயர்வு, தொட்டில் குழந்தைத் திட்டம்.

முன்னுரை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. சமுனாமரத்தூர் இதன் நிருவாக மையமாகும். மலையில் பெரும்பான்மையாக வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர் ஆவர். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் பெயரொற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 7.95 இலட்சம் பேர். அவர்களுள் மலையாளிகள் மட்டும் சுமார் 3.5 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்; மாநிலத்தின் மிகப் பெரிய பழங்குடிச் சமூகம் இதுவே.

சாமை, கேழ்வரகு முதலிய மானாவாரிப் பயிர்களையும் காட்டுப் பொருள்களையும் நம்பி வாழும் இம்மக்களுள் பலர், ஆண்டின் சில மாதங்களில் அண்டை மாநிலத் தோட்டங்களுக்கும் சமவெளியின் கட்டுமானப் பணிகளுக்கும் செல்கின்றனர். அப்போது குழந்தையை உடன் கொண்டுசெல்வதா, பாட்டியிடம் விட்டுச்செல்வதா என்னும் முடிவை ஒவ்வொரு குடும்பமும் எடுக்க வேண்டியிருக்கிறது. பாட்டியிடம் வளரும் குழந்தையைத் தாயன்பு இழந்த குழந்தை என்று கருதுவோர் உண்டு. கூட்டுவாழ்வில் வளரும் குழந்தைக்கு எக்குறையும் இல்லை என்று கருதுவோரும் உண்டு. இவ்விரு கருத்துகளும் எங்கிருந்து வந்தன, எவ்வளவு பொருந்தும் என்பதை அறியக் கோட்பாட்டின் வரலாற்றைக் காண்பது இன்றியமையாதது.

கோட்பாட்டின் தோற்றம்: பிரிவிலிருந்து பிணைப்புக்கு

பாசப்பிணைப்பைப் பற்றிய ஆய்வு பிணைப்பிலிருந்து தொடங்கவில்லை, பிரிவிலிருந்து தொடங்கியது. ரெனே ஸ்பிட்ஸ் 1945இல் வெளியிட்ட ஆய்வு, நிறுவனங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளைப் பற்றியது. உணவும் தூய்மையும் கிடைத்தும், தமக்கென ஒருவர் இல்லாத குழந்தைகள் வாடியதையும் நோயுற்றதையும் அவர் பதிவு செய்தார். இலண்டனில் பணியாற்றிய உளமருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990), திருட்டில் ஈடுபட்ட 44 சிறுவர்களைப் பற்றிய ஆய்வை 1944இல் வெளியிட்டார். அவர்களுள் ஒரு பிரிவினரின் நடத்தையை இளமையில் நேர்ந்த நீண்ட பிரிவோடு தொடர்புபடுத்தினார். உலகப் போருக்குப் பின் வீடிழந்த குழந்தைகளின் நிலையை ஆராயுமாறு உலக நலவாழ்வு நிறுவனம் கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் அளித்த அறிக்கை 1951இல் வெளிவந்தது. குழந்தைக்குத் தாயுடனோ, தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவருடனோ இடையறாத நெருங்கிய உறவு வேண்டும் என்பது அதன் சாரம். ‘தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர்’ என்னும் பகுதி பின்னாளைய விவாதங்களில் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

பௌல்பியுடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் பற்றி 1952இல் ஓர் ஆவணப்படம் எடுத்தார். பெற்றோர் குழந்தையைப் பார்க்க வருவதற்குக் கடுமையான வரையறை இருந்த காலம் அது. பிரிந்த குழந்தை முதலில் எதிர்த்து அழுகிறது. பின்னர் நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது. இறுதியில் பற்றற்றது போல் அடங்கிவிடுகிறது. செவிலியர் ‘பழகிவிட்டது’ என்று எண்ணிய அமைதி உண்மையில் துயரத்தின் மூன்றாம் நிலை என்பதை ராபர்ட்சன் விளக்கினார். 1959இல் வெளியான பிளாட் குழுவின் அறிக்கை, மருத்துவமனைகளில் பெற்றோர் வருகைக்கு இருந்த தடைகளைத் தளர்த்தப் பரிந்துரைத்தது.

1958இல் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வு, பால் தரும் கம்பி உருவத்தை விட மென்துணி போர்த்திய உருவத்தையே குட்டிகள் பற்றிக்கொண்டதைக் காட்டியது. ஊட்டுபவரிடமே பற்று உண்டாகும் என்ற அந்நாளைய கருத்து இதனால் தளர்ந்தது. பௌல்பி 1969, 1973, 1980 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட மூன்று தொகுதிகள் கோட்பாட்டை முழுமைப்படுத்தின. அவர் வகுத்தபடி, முதல் இரண்டு மூன்று மாதங்களில் குழந்தை யாரிடமும் வேறுபாடின்றி முகம் மலர்கிறது. ஆறேழு மாதங்கள் வரை பழகிய முகங்களை விரும்புகிறது. அதன்பின் குறிப்பிட்ட ஒருவரைத் தேடுகிறது. அவர் அகன்றால் அழுகிறது. புதியவரைக் கண்டு அஞ்சுகிறது. இரண்டு மூன்று வயதளவில் பேணுபவரின் நோக்கத்தையும் ஓரளவு உணர்ந்து, சற்று நேரப் பிரிவைப் பொறுக்கக் கற்கிறது.

இக்கோட்பாட்டை உருவாக்கியவரின் இளமையும் இங்குக் கருதத்தக்கது. பௌல்பி வளர்ந்த உயர் நடுத்தரக் குடும்பத்தில் குழந்தைகளைப் பேணியவர் தாயல்லர். பணிக்கு அமர்த்தப்பட்ட செவிலி ஆவார். தமக்கு நான்கு வயது நெருங்கும்போது அச்செவிலி வீட்டைவிட்டு நீங்கியதைத் தாயை இழந்ததற்கு ஒப்பான துயரமாகப் பௌல்பி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். குழந்தை முதன்மையாக ஒருவரையே பற்றுகிறது என்னும் அவரது கருத்தை மதிப்பிடுகையில், அந்த ஒருவர் அவருக்குப் பெற்ற தாயாக இருக்கவில்லை என்பதை ஆய்வாளர் நினைவிற்கொள்ள வேண்டும்.

கம்பாலா முதல் பால்டிமோர் வரை

பாசப்பிணைப்பை இயல்பான வீட்டுச் சூழலில் முறையாக உற்றுநோக்கிய முதல் பெரும் ஆய்வு ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ நடைபெறவில்லை, ஆப்பிரிக்காவில் நடைபெற்றது. பௌல்பியுடன் பணியாற்றிய மேரி எயின்சுவர்த் (1913–1999) 1954இல் உகாண்டா சென்றார். கம்பாலாவை அடுத்த சிற்றூர்களில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்து குழந்தைகளைக் கவனித்தார். பால்மறக்கடிக்கும் காலத்தில் குழந்தையைப் பாட்டி முதலிய உறவினரிடம் அனுப்பும் வழக்கம் அம்மக்களிடையே முன்பு இருந்தது. அது பெரிதும் அருகிவிட்டதை அவர் கண்டார். அங்குத் தாயோடு உறவினர் பலரும் குழந்தையைப் பேணினர். குழந்தை தாயை விட்டு ஊர்ந்து சென்று, சுற்றிப் பார்த்து, மீண்டும் தாயிடம் திரும்புவதை அவர் விரிவாகக் குறித்தார். பேணுபவர் குழந்தைக்குப் ‘பாதுகாப்பான தளம்’ ஆகிறார் என்னும் கருத்து இவ்வாய்வில் உறுதிபெற்றது. 1967இல் இது நூலாக வெளிவந்தது.

பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில், ஏறத்தாழ ஓராண்டு நிறைந்த குழந்தைகளைப் புதிய அறையில் வைத்து, தாய் சற்று அகன்று மீளும்போது குழந்தை எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்க்கும் ஆய்வுமுறையை எயின்சுவர்த் உருவாக்கினார். 1978இல் வெளியான நூல் குழந்தைகளை மூவகையாகப் பகுத்தது: உறுதியான பிணைப்புடையவை, விலகி நிற்பவை, பற்றவும் முரணவும் செய்பவை. ஒழுங்கற்ற பிணைப்பு என்னும் நான்காம் வகையைப் பின்வந்த மேரி மெயின் முதலியோர் சேர்த்தனர். இந்த ஆய்வுக்கூட முறையே உலகெங்கும் பரவியது. கள ஆய்வின் பன்முகக் காட்சி பின்னுக்குச் சென்றது.

ஆனால் மாற்றுச் சான்று முன்பே இருந்தது. ருடால்ப் ஷாஃபர், பெக்கி எமர்சன் ஆகியோர் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து ஆராய்ந்து 1964இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏழெட்டு மாத அளவில் குறிப்பிட்ட ஒருவர் மீது பற்று தோன்றுகிறது. எனினும் 18 மாதம் நிறையும்போது ஒருவரை மட்டும் பற்றியிருந்த குழந்தைகள் 13 விழுக்காட்டினரே. ஏனையவை தந்தை, பாட்டி, தாத்தா, அக்கா, அண்டை வீட்டார் எனப் பலரையும் பற்றியிருந்தன. குழந்தையுடன் மிகுந்த நேரம் இருந்தவரை விட, அதன் குறிப்பை உணர்ந்து விரைந்து மறுமொழி தந்தவரிடமே பற்று வலுப்பெற்றது. பிற்காலத்தில் சாரா ஹெர்டி 2009இல் வெளியிட்ட நூலில், தாயல்லாதோரின் பேணுதல் இன்றி மனித இனம் தன் குழந்தைகளை வளர்த்திருக்க இயலாது என்று வாதிட்டார். ஹைடி கெல்லர், கேமரூன் முதலிய இடங்களில் செய்த ஆய்வுகளைக் கொண்டு, நடுத்தர வகுப்பு மேலைக் குடும்பத்தை அளவுகோலாகக் கொள்ளும் போக்கை மறுத்தார்.

தமிழ் மரபில் பல தாயர்

மேற்கூறிய விவாதத்தை அறிந்தபின் தமிழ் அக இலக்கிய மரபை நோக்கினால், அதன் அடிப்படை அமைப்பே வேறாக இருப்பது புலனாகும். தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவரும் தனித்தனியே கூற்று நிகழ்த்தும் உரிமை பெற்றவர்கள். தோழி செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. ஆகவே தலைவியின் நெஞ்சுக்கு மிக நெருங்கிய உறவு, பிறப்பால் அன்றிப் பேணுதலால் உண்டானது. தலைவி உடன்போக்கில் சென்றபின் பாலை வழியில் தேடிச் செல்பவளாகச் செவிலியையே பாடல்கள் காட்டுகின்றன. மணமான மகளின் இல்லத்திற்குச் சென்று, அங்குத் தலைவனும் தலைவியும் புதல்வனுடன் மகிழ்ந்திருப்பதைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவளும் அவளே. ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் செவிலி கூற்றுக்கெனத் தனிப் பத்து உண்டு. பாராட்டுந்தாய், ஊட்டுந்தாய், முலைத்தாய், கைத்தாய், செவிலித்தாய் என ஐவகைத் தாயரை எண்ணும் மரபும் இதனோடு இயைகிறது. பாலூட்டுதல், சோறூட்டுதல், கையில் ஏந்துதல், கொஞ்சுதல் ஆகிய செயல்கள் வெவ்வேறு கைகளுக்கு உரியவையாகலாம் என்னும் புரிதல் இப்பகுப்பில் பொதிந்துள்ளது.

இம்மரபு உயர்குடி இல்லங்களின் வாழ்வைச் சார்ந்தது என்பதை மறத்தலாகாது. செவிலியின் சொந்தக் குழந்தை யார் கையில் வளர்ந்தது என்னும் வினாவை இலக்கியம் எழுப்பவில்லை. ஆயினும் பேணியவளுக்குத் தாய் என்னும் பெயரையும் தாயின் துயரையும் மறுக்காத ஒரு மொழிமரபு இது.

பக்தி இலக்கியத்தில் இக்கூறு மேலும் தெளிவாகிறது. பெரியாழ்வார் கண்ணனின் குழந்தைமையை யசோதையின் நிலையில் நின்று பாடினார், யசோதை வளர்ப்புத்தாய். பெற்றவளாகிய தேவகி தன் மகனின் மழலைப் பருவத்தைக் காணாது புலம்புவதைக் குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியில் பாடினார். குழந்தையின் அன்பைப் பெற்றவள் பேணியவளே. பெற்றும் பேண வாய்க்காதவளுக்கு எஞ்சியது இழப்பு. இவ்விரு பாடற்பகுதிகளையும் சேர்த்துப் படிக்கையில், பாசம் குருதியால் தானாக விளைவதன்று, நாள்தோறும் உடனிருந்து செய்யும் செயல்களால் விளைவது என்னும் கருத்து வெளிப்படுகிறது.

பெரியாழ்வாரின் வழியில் வளர்ந்த பிள்ளைத்தமிழ், ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ் முதல் தனிச் சிற்றிலக்கியமாக நிலைபெற்றது. பாட்டியல் மரபு அதன் பருவங்களை 3ஆம் மாதம் முதல் 21ஆம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களில் வைக்கிறது. காப்பு, செங்கீரை, தால் ஆகிய முதற் பருவங்களில் குழந்தை பேணப்படுவது. காக்கப்படுகிறது, அசைகிறது, உறங்குகிறது. 9ஆம் மாதத்துக்குரிய சப்பாணியில் கைகொட்டுமாறும், 11ஆம் மாதத்து முத்தப் பருவத்தில் முத்தம் தருமாறும், 13ஆம் மாதத்து வருகைப் பருவத்தில் தளர்நடையிட்டு வருமாறும் குழந்தை வேண்டப்படுகிறது. ஏழெட்டு மாதங்களுக்குப் பின் குழந்தை குறிப்பிட்டவரை நாடி மறுமொழி தருகிறது என்னும் ஆய்வு முடிவுடன் இவ்வரிசை ஒத்திருப்பது கவனத்திற்குரியது. இதனைக் கொண்டு பாட்டியலாரை உளவியலாராகக் கருதுதல் பொருந்தாது. குழந்தையை நெடுங்காலம் அருகிருந்து கண்டவர்களின் பட்டறிவு இலக்கண வரையறையாக உறைந்துள்ளது என்று கொள்வதே முறை.

இக்காலக் குடும்பத்தைப் பற்றிய இனவரைவியல் சான்றாக மார்கரெட் டிராவிக் 1990இல் வெளியிட்ட, தமிழ்க் குடும்பம் ஒன்றின் அன்பைப் பற்றிய நூல் குறிப்பிடத்தக்கது. தாயின் அன்பு வெளிப்படையாகக் காட்டப்படாமல் அடக்கப்படுவதையும், தாயின் பார்வையே குழந்தைக்குக் கண்ணேறாகும் என்னும் அச்சத்தையும், கூட்டுக்குடும்பத்தில் குழந்தை பல தாயரிடையே வளர்வதையும் அவர் விவரித்தார். அன்பு பழக்கத்தால் வளர்வது என்னும் அக்குடும்பத்தினரின் கருத்துக்கு அவர் சிறப்பிடம் தந்தார். கொஞ்சுதலின் அளவைக் கொண்டு தாயன்பை அளக்கும் வெளியார் இங்குத் தவறான முடிவுக்கே வருவர்.

தோனாவூர் முதல் தொட்டில் குழந்தைத் திட்டம் வரை

குடும்பத்துக்கு வெளியே கைக்குழந்தைகளை வளர்க்கும் முயற்சிகளும் தமிழகத்தில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையவை. திருநெல்வேலிப் பகுதியின் தோனாவூரில் 1901 முதல் பணியாற்றிய ஏமி கார்மைக்கேல் (1867–1951) நிறுவிய இல்லத்தில் கைக்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். அவ்வில்லத்தில் பேணுவோர் ‘அக்காள்’, ‘சித்தி’ என்றும், நிறுவியவர் ‘அம்மா’ என்றும் அழைக்கப்பட்டனர். நிறுவனம் தன்னைக் குடும்பமாகக் கருத விரும்பியதை இம்முறைப்பெயர்கள் உணர்த்துகின்றன.

பெண் சிசுக்கொலையைத் தடுக்கும் நோக்குடன் தமிழ்நாடு அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும், 2011இல் திருவண்ணாமலை உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இதன்வழி ஜவ்வாது மலையின் திருவண்ணாமலைப் பகுதியும் திட்ட எல்லைக்குள் வந்தது. உயிர் காத்தலே இத்திட்டத்தின் முதல் நோக்கம். அது மறுக்கவியலாத நோக்கமுமாகும். அதற்கடுத்த வினா, காக்கப்பட்ட குழந்தை எவ்வளவு விரைவில் நிலையான ஒருவரின் கைக்குச் செல்கிறது என்பது. ருமேனியாவின் புக்காரெஸ்டில் 136 குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு, நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்ற குழந்தைகள் பிணைப்பில் சிறந்த முன்னேற்றம் கண்டதைக் காட்டியது. இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம் 2015, இரண்டு வயது வரையான கைவிடப்பட்ட குழந்தையைத் தத்துக்கு உரியதென இரண்டு மாதங்களுக்குள் அறிவிக்கக் காலவரம்பு வகுத்துள்ளது. குழந்தையின் நாள்களும் அலுவலகத்தின் நாள்களும் ஒரே அளவின அல்ல என்பதை இவ்வரம்பு ஓரளவு உணர்ந்துள்ளது.

ஜவ்வாது மலை: பிரிவின் வரலாறும் பேணுதலின் நிலையும்

ஜவ்வாது மலை மலையாளிகளின் தோற்றக் கதையே பிரிவைப் பற்றியது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில், வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டை ஒட்டி இக்கதை இடம்பெற்றுள்ளது. காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் ஏழு பெண்களைக் கங்குந்தி வேடர் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆண்கள் நாய்களுடன் புறப்பட்டனர். பாலாற்று வெள்ளத்தைக் கண்டு நாய்கள் திரும்பிவிட, ஆண்கள் இறந்தனர் என்று கருதி வீட்டார் இறுதிச் சடங்கு செய்துவிட்டனர். திரும்பிவந்தோர் தம் குலத்தில் இடமின்றி, வேடர் பெண்களை மணந்து மலையில் குடியேறினர். இதனை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ள இயலாது. எனினும் அறுந்த உறவுகளின் இடத்தில் புதிய உறவுகளைக் கட்டியதாகவே ஒரு சமூகம் தன் தோற்றத்தை நினைவுகூர்கிறது என்பது கருதத்தக்கது.

இன்றைய பிரிவுகளின் காரணம் பொருளியல் சார்ந்தது. மானாவாரி வேளாண்மை ஆண்டு முழுவதற்கும் போதுமானதாக இல்லை. வேலை தேடிச் சென்ற ஆண்கள் திரும்பாமற்போன நிகழ்வுகளும் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றோர் எனக் கூறப்பட்ட 20 பேர் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். இத்தகைய இழப்புக்குப் பின் தாயே பொருளீட்டவும் செல்ல வேண்டியிருப்பதால், குழந்தை ஒரே நேரத்தில் இருவரையும் இழக்கும் நிலை உருவாகிறது.

மேலே கண்ட ஆய்வு வரலாற்றை இங்குப் பொருத்தினால் மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, பிறந்த நாள் முதலே தாயும் பாட்டியும் சேர்ந்து பேணிய குழந்தை. பாட்டி அதற்கு ஏற்கெனவே பிணைப்புக்குரியவர். தாய் சில மாதங்கள் அகன்றால் துயரம் உண்டு, ஆனால் பற்றிக்கொள்ள ஒரு கை எஞ்சியிருக்கிறது. இரண்டாவது, தாயின் கையில் மட்டும் வளர்ந்து, ஏழு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட பருவத்தில் அதிகம் பழகாத உறவினரிடம் திடீரென விடப்படும் குழந்தை. உறவுமுறையில் அவர் பாட்டியே ஆயினும், குழந்தைக்கு அவர் புதியவர். ராபர்ட்சன் காட்டிய மூன்று நிலைகளும் இங்கு நேரலாம். மூன்றாவது, வேலையிடத்துக்கு உடன்கொண்டு செல்லப்படும் குழந்தை. தாய் அருகிருந்தும், வேலை நேரம் முழுவதும் அதன் அழுகைக்கு மறுமொழி தர இயலாதவராக இருக்கிறார். அக்காலத்தில் அதனைப் பார்த்துக்கொள்வது சற்றே மூத்த சகோதரியாக இருப்பின், இரு குழந்தைகளின் தேவையும் புறக்கணிக்கப்படுகிறது.

ஆகவே ‘தாயுடன் இருக்கிறதா, இல்லையா’ என்னும் ஒற்றை வினா இம்மலைக் குழந்தைகளின் நிலையை அளக்கப் போதாது. முன்பே பழகியவர் யார், எவ்வளவு காலம் மாறாமல் உடனிருக்கிறார், குறிப்புணர்ந்து மறுமொழி தர அவருக்கு ஓய்வும் உடல்நலமும் உண்டா என்பவையே உரிய வினாக்கள்.

அரசின் ஏற்பாடுகள் இவ்வினாக்களை எந்த அளவு எதிர்கொள்கின்றன என்பதும் நோக்கத்தக்கது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அங்கன்வாடி கைக்குழந்தைக்கும் தாய்க்கும் ஊட்டச்சத்து வழங்குகிறது. ஆனால் தமிழ்நாட்டில் மையத்தில் அமர்ந்து பயில்வது இரண்டு வயது நிறைந்த குழந்தைகளே. பிணைப்பு உருவாகும் பருவம் இவ்விடைவெளியில் விழுகிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் 26 வார ஊதிய விடுப்பை அளித்தாலும், தோட்டத்துக்கும் கட்டுமானத்துக்கும் பருவகாலக் கூலியாகச் செல்லும் மலைப்பெண்ணுக்கு நடைமுறையில் அது எட்டுவதில்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் பணிபுரியும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. ஊரக வேலை உறுதிச் சட்டம், ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் பணியிடத்தில் இருப்பின் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வகைசெய்தது. இவ்விதிகளின் உள்ளீடு நன்று. எனினும் காப்பகத்தில் நாளுக்கொருவர் மாறிக்கொண்டிருந்தால், குழந்தைக்குக் கிடைப்பது காவல் மட்டுமே, பிணைப்பு அன்று.

பள்ளிப் பருவத்தில் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலைப்பகுதிக் கல்விக்குப் பெருந்துணையாக உள்ளன. ஆறு வயதளவில் வீடு நீங்கும் குழந்தைக்கும் பிரிவுத் துயர் உண்டு. அந்த வயதில் பிரிவைச் சொற்களால் புரியவைக்க இயலும் என்பதே கைக்குழந்தையிடமிருந்து உள்ள வேறுபாடு. சேர்க்கையின் முதல் வாரங்களில் உறவினர் வருகைக்கு இடமளிப்பதும், அதே ஊரைச் சேர்ந்த மூத்த மாணவரோடு தங்கச் செய்வதும் செலவின்றிச் செய்யக்கூடியவை.

முடிவுரை

பாசப்பிணைப்புக் கோட்பாடு பிரிவுற்ற குழந்தைகளின் துயரைக் கண்டதால் பிறந்தது. ஒற்றைத் தாயை மையப்படுத்திய அதன் முதல் வடிவம், உகாண்டா, கிளாஸ்கோ முதலிய இடங்களின் சான்றுகளால் விரிவடைந்தது. தமிழ் மரபு செவிலியையும் யசோதையையும் தாயர் எனவே ஏற்றதன் வழி, பேணுதலே தாய்மை என்னும் கருத்தை நெடுங்காலம் போற்றி வந்துள்ளது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நின்று ஜவ்வாது மலையை நோக்கும்போது, பாட்டியின் மடியில் வளரும் குழந்தையைக் குறையுடையதாகக் கருதக் காரணமில்லை. அம்மடி நிலையானதா என்று கேட்கவே காரணம் உண்டு.

இம்மலையில் கள ஆய்வு மேற்கொள்வோர் தாயின் இருப்பை மட்டும் பதிவு செய்யாமல், ஒவ்வொரு குழந்தையும் அஞ்சும்போது யாரிடம் ஓடுகிறது என்பதையும், அவர் எத்தனை மாதங்கள் உடனிருந்தார் என்பதையும் பதிவு செய்தல் வேண்டும். வேலைக்காக வெளியேறும் தாய்க்கு ஊதியத்துடன் கூடிய ஓய்வும், பேணும் பாட்டிக்கு உதவியும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாறாத கைகளும் கிடைக்கச் செய்வதே இவ்வரலாறு சுட்டும் நடைமுறைப் பயனாகும்.